கெட்டில் இல்லாத டாங்கி

என் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சுருள் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். ஒரகடத்தில் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்த்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் குவாலிட்டி ஆள். மெஷினிலிருந்து சூடாக விழும் பாகத்தை எடுத்து, விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்கே பள்ளம், எங்கே பிசிறு, எங்கே வெள்ளைக் கோடு என்று தேடி, கண்டுபிடித்ததும் அந்த இடத்தைக் காட்டி ஓர் அம்பை ஒட்டுவேன். அம்பு ஒட்டிய பாகம் சிவப்புத் தொட்டிக்குப் போய்விடும். பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. குறை சொல்வதற்கே சம்பளம் வாங்குகிற ஜென்மம் நான். அப்படிப்பட்ட அம்பு ஒன்றை ஒரு மனிதர் கையில் கொடுத்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். என் வீட்டுக்காரியிடம்கூட இதை நான் முழுசாகச் சொன்னதில்லை.

அவர் எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்திலிருந்து ரிட்டயராகி வந்தவர். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் மிலிட்டரிதான். ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது வரிசையாக நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். மற்ற செக்யூரிட்டிகள் பையைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். இவர் பையை வாங்கும்போதே “இன்னிக்குப் புளிக்கொழம்பா சார், கொஞ்சம் தீஞ்சிருக்குமே” என்பார். தீய்ந்துதான் இருந்திருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார். ஒரு பாகத்தில் மயிரிழைக் கோடு இருந்தாலும் கண்டுபிடிக்கிற நான், ஏழு வருஷம் தினமும் இதைக் கேட்டும் எனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பட்டாளத்தில் என்னவாக இருந்தீர்கள் என்று நான் அவரைக் கேட்டேன். “டேங்க் ரெஜிமெண்ட் சார்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தையெல்லாம் கட்டியது நான். கேண்டீனில் உட்கார்ந்துகொண்டு புதிதாக வந்த டிரெய்னிகளிடம், “எழுபத்தொண்ணு சண்டைல டேங்க் ஓட்டுனவரு, பாத்து மரியாதையா பேசு” என்று அடித்துவிடுவேன். எழுபத்தொன்றில் அவருக்கு அரை டவுசர் போடுகிற வயசுதான் இருந்திருக்கும். யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, நானும் போடவில்லை. டிரெய்னிகள் கேட்டில் அவருக்கு சல்யூட் அடிப்பார்கள். அவர் ஒரு மாதிரி சிரித்துவிட்டு ரெஜிஸ்டர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவரை அனுப்பியிருந்த ஏஜென்ஸியில் வயசு வரம்பு உண்டு. அந்த மாசக் கடைசியோடு அவருக்கு வேலை முடிகிறது என்று தெரிந்தது. எங்கள் கம்பெனியில் யார் வேலையை விட்டுப் போனாலும் கேண்டீனில் கூடி, பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, கேசரி சாப்பிட்டு அனுப்பிவைப்பது வழக்கம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஏழு வருஷம் கேட்டில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கடிகாரமா கொடுப்பது, அவர் ஓட்டிய டாங்கியையே நான் செய்து கொடுக்கிறேன் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டாங்கி ஆசை அவருக்காக வந்ததல்ல. கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டு மணி நேரம் செல்போனில் நான் பார்ப்பதே மாடல் கிட் கட்டுகிற வீடியோக்கள்தான். யாரோ ஒருத்தர் வெறும் கையை மட்டும் காட்டிக்கொண்டு, நகம் அளவு பாகத்தை இடுக்கியால் எடுத்து ஒட்டுவார். பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். நாற்பத்திரண்டு வயசில் பொம்மை வாங்கினால் வீட்டில் மானம் போகும். இப்போது சாக்குக் கிடைத்தது. இது பொம்மை இல்லை, ஆபீஸ் விஷயம் என்று வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டேன்.

எந்த டாங்கி என்று முடிவு செய்ய வேண்டும். ஒருநாள் டீ நேரத்தில் கேட்டுப் பக்கம் போய், சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல, உங்கள் ரெஜிமெண்டில் எந்த வண்டி என்று விசாரித்தேன். டி-55 என்றார். ரஷ்யாக்காரன் வண்டி, எழுபத்தொண்ணு சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவை, தான் சேர்ந்தபோது எல்லாம் ராஜஸ்தான் மணலில் நின்றுகொண்டிருந்தன என்றார். சண்டையில் தான் இல்லை என்பதை அவர் அன்றைக்கே இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்தது டி-55 மட்டும்தான்.

இணையத்தில் தேடினேன். தீப்பெட்டி அளவில் ஒன்று இருந்தது. அதை மேஜையில் வைத்தால் கடைசி வரிசையில் இருப்பவனுக்குத் தெரியாது. உள்ளே எஞ்சின், குண்டு அடுக்குகிற தட்டு எல்லாம் வைத்துக் கட்டுகிற மாதிரி ஒன்று இருந்தது. அதற்கு மூன்று மாசம் வேண்டும், என்னிடம் இருந்தது நாலு வாரம். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் ஒன்றைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. பீரங்கிக் குழலோடு சேர்த்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். இட்லிச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி மேல்கூண்டு. ஒவ்வொரு பக்கமும் ஐந்து சக்கரம், முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் அதிக இடைவெளி. பின்னால் இரண்டு டீசல் டிரம். ஆர்டர் போடும்போதுதான் உறைத்தது, கம்பெனிக்கு வரும் பார்சலெல்லாம் முதலில் அவர் கைக்குத்தான் போகும். அதனால் சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நான் தினமும் டீ குடிக்கிற கடையின் விலாசத்தைக் கொடுத்தேன்.

பெட்டியைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை பாகமும் பிளாஸ்டிக் கொடியில் காய் காய்த்த மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கொடியை எங்கள் பிளாண்டில் ரன்னர் என்போம். நாள் முழுக்க நாங்கள் வெட்டி எறிகிற அதே ரன்னர். ஆக நான் வீட்டுக்கு வந்தும் அதே வேலையைத்தான் பார்க்கப்போகிறேன், இந்த முறை காசு கொடுத்து. பழக்க தோஷம், ஒட்டுவதற்கு முன்னால் இருநூற்றுச் சொச்சம் பாகத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு இடத்தில் குறை. ஏழு அம்பு ஒட்டினேன். “கடைக்காரன் மேல கேஸ் போடப்போறீங்களா” என்று வீட்டுக்காரி கேட்டாள்.

பாகத்தை ரன்னரிலிருந்து வெட்ட நிப்பர் என்கிற சின்ன வெட்டுக்குறடு வேண்டும். வெளியில் வாங்கிய நிப்பர் வெட்டின இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு விட்டது. எங்கள் உற்பத்தி லைனில் பெண்கள் வைத்திருக்கும் நிப்பர் வெண்ணெயை வெட்டுவதுபோல வெட்டும். மறுநாள் அதில் ஒன்றை எடுத்துப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் போட்டுக்கொண்டேன். ஒரு மாசத்தில் திருப்பி வைத்துவிடப்போகிறேன், இதென்ன திருட்டா என்று நானே எனக்குத் தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

அன்று கேட்டில் இருந்தது மிலிட்டரி. எனக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் வரிசையில். பைக்குள் கையை விட்டவர் நிப்பரைத் தொட்டார். எடுக்கவில்லை. கை உள்ளேயே இருக்க, என் முகத்தைப் பார்த்து, பின்னால் இருப்பவனுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினார்.

“சார், இது லைன் சாமான். வெச்சிட்டு வந்துடுங்க. நான் எழுதல.”

எழுதியிருந்தால் எனக்கு மெமோ வந்திருக்கும். பதினாறு வருஷம் மற்றவர்கள் தப்பை எழுதியவனுக்கு முதல் மெமோ. அதிலிருந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். வரிசையை விட்டு விலகி, எதையோ மறந்தவன் மாதிரி நெற்றியில் அடித்துக்கொண்டு உள்ளே திரும்பி நடந்தேன். காது இரண்டும் சுட்டது. ஒரு வாட்ச்மேன் என்னைத் திருப்பி அனுப்புவதா? அந்த வார்த்தையைத்தான் நினைத்தேன். ஏழு வருஷமாக நான் ஊருக்கெல்லாம் வீரராகக் காட்டிய மனிதர், ஒரு நிமிஷத்தில் எனக்கு வாட்ச்மேன் ஆகிவிட்டார்.

நிப்பரை வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் டிபன் கேரியரின் அடித்தட்டில் அதைப் போட்டு, மேலே தயிர்சாதத்தை அமுக்கி வெளியே கொண்டுபோய்விட்டேன். அவர் கேரியரைத் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் லைனில் கருவி மாட்டுகிற பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள், எது காணோம் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காக. நிப்பர் உருவம் வெறுமனே நின்றது. லைன் லீடர் அந்த மெஷினில் இருந்த பெண்ணைப் பிடித்துக்கொண்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் காண்டிராக்ட் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. நான் எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் தொலைத்தது தான்தான் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வைத்தார்கள். அழுதுகொண்டே போட்டாள். நான் ஐந்தடி தூரத்தில் ஒரு பாகத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பாகத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு நின்றிருந்தால்கூட ஏதோ கோழைத்தனம் என்று விட்டிருக்கலாம். நான் நிற்கவில்லை.

டாங்கி நன்றாக வளர்ந்தது. முதல் ஷிப்ட் முடிந்து நாலரைக்கு வீட்டுக்கு வந்ததும் உட்காருவேன். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு மாடியில் வெளிச்சம் ஆறு மணிவரை நன்றாக இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போவதாக இருந்தது. எனக்கு ஓவர்டைம் இருக்கிறது என்று புளுகி, அவர்களை அனுப்பிவிட்டு, பச்சைப் பெயிண்ட் அடித்தேன். திரும்பி வந்த வீட்டுக்காரி என் விரல் நகங்களைப் பார்த்துவிட்டு விபூதியை நெற்றியில் கொஞ்சம் அழுத்தியே பூசினாள்.

டிரைவர் ஏறி இறங்குகிற ஓட்டையின் மூடியை ஒட்டுகிற கட்டத்தில்தான் அது நடந்தது. செய்முறைத் தாளில் டிரைவர் முன்பக்கம் இடது கையோரம் உட்காருகிறான். கேட்டுப் பக்கம் போனபோது, டாங்கியில் டிரைவர் எந்தப் பக்கம் உட்காருவான் என்று சும்மா கேட்டுவைத்தேன். நம் லாரி மாதிரிதான், வலது பக்கம் என்றார். எனக்குள் ஒரு மணி அடித்தது. இன்னும் இரண்டு கேள்வி போட்டேன். குண்டு போடுகிறவன் எங்கே இருப்பான்? மறந்துபோச்சு என்றார். உள்ளே எப்படி இருக்கும்? ரொம்ப சூடு, எவனும் உள்ளே உட்கார்ந்து சாப்பிடமாட்டான், இறங்கி வந்துதான் சாப்பிடுவான் என்றார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார்.

“பின்னாடி டிரம்முக்குப் பக்கத்துல ஒரு கெட்டில் தொங்கும் சார் எப்பவும். அது நல்லா ஞாபகம் கீது.”

டாங்கியில் கெட்டிலாம். நான் பார்த்த ஒரு படத்திலும் கெட்டில் இல்லை. மாட்டினான் ஆள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து எழுத முடியாது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஒரு பெரிய குறையைக் கண்டுபிடித்தால் வருமே, அதே சந்தோஷம். என்னைத் திருப்பி அனுப்பிய ஆளே போலி. ஒருநாள்கூட டாங்கிக்குள் உட்காராத ஆள், ஏழு வருஷமாக சல்யூட் வாங்கிக்கொண்டிருக்கிறான். அந்த சல்யூட்டை அடிக்கச் சொல்லிக் கொடுத்தது யார் என்பது மட்டும் எனக்கு சௌகரியமாக மறந்துபோனது.

அப்போதே யோசனை வந்துவிட்டது. மேல்கூண்டு மூடிகள் இரண்டையும், டிரைவர் மூடியையும் திறந்த நிலையில் ஒட்டினேன். எந்த இடம் யாருடையது என்று பார்ப்பவனுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். விழாவில் எல்லார் முன்னாலும் அவர் கையில் ஓர் அம்பைக் கொடுத்து, நீங்கள் உட்கார்ந்த இடத்தில் ஒட்டுங்கள் என்று கேட்பது. தப்பான இடத்தில் ஒட்டட்டும். விளையாட்டாகச் சொல்வதுபோலத் திருத்திவிடலாம். எனக்கும் ஒரு கணக்குத் தீரும். இதை நான் இரண்டு வாரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துச் சிரித்தேன். கோபத்தில் சட்டென்று செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. நம்பர் ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, நழுவவிட்டுக் கூண்டின் மேல் உட்காரவைக்கும்போதும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடித்து மேஜையில் வைத்ததும் வீட்டுக்காரி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

“எவ்ளோ பாசமா செஞ்சிருக்கீங்க. அவரு அழுதுருவாரு பாருங்க” என்றாள்.

விழா அன்று காலையில் நிப்பரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன், யாரும் பார்க்காத நேரத்தில் பலகையில் மாட்டிவிடலாம் என்று. டாங்கியை உடையாமல் பஸ்ஸில் கொண்டுபோய், மேஜை போட்டு, துணி விரித்து, அதன்மேல் வைப்பதிலேயே நேரம் போய்விட்டது. நிப்பர் பையிலேயே கிடந்தது.

மூன்று மணிக்குக் கேண்டீன் நிறைந்துவிட்டது. அவர் மனைவியும் வந்திருந்தார். பச்சைப் பட்டுப்புடவை கட்டி, முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். எச்.ஆர். அதிகாரி பேசினார், நாட்டுக்காகப் போர்முனையில் நின்றவர் நம் கேட்டில் நின்றது நமக்குப் பெருமை என்றார். அதுவும் நான் எழுதிக் கொடுத்த வரிதான். பொன்னாடை போர்த்தினார்கள். நான் துணியை விலக்கி டாங்கியைக் காட்டியதும் கேண்டீனே எழுந்து நின்றது. செல்போன்கள் மேலே போயின.

அவர் கிட்டே வந்து குனிந்தார். தொடலாமா என்று என்னைக் கேட்டார். ஒரு விரலால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அந்த அதிக இடைவெளி வந்ததும் விரல் நின்றது, சரியாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார். வீட்டுக்காரி சொன்ன மாதிரியே கண் கலங்கியிருந்தது. அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். சட்டைப் பையிலிருந்து சுருளை எடுத்து ஓர் அம்பைக் கிழித்து அவர் விரல் நுனியில் ஒட்டினேன். மைக்கில் சொன்னேன்.

“நீங்க எங்க உக்காந்து சண்டை போட்டீங்களோ, அந்த எடத்துல இத ஒட்டிக் காட்டுங்கண்ணே.”

விசில் அடித்தார்கள். அவர் அம்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பையில் கை விட்டபோது பார்த்தாரே, அதே பார்வை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. எங்கேயாவது ஓர் இடத்தில் ஒட்டிவிடுங்கள், எங்கே வேண்டுமானாலும் ஒட்டுங்கள், நான் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று மனசு அலறியது.

அவர் டாங்கியைத் தொடவில்லை. கையை டாங்கியின் பின்பக்கமாகக் கொண்டுபோய், அதற்கு ஒரு முழம் தள்ளி, வெறும் மேஜைத் துணியில் அந்த அம்பை ஒட்டினார். மைக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

“நான் இங்க இருந்தேன் சார். பின்னாடி வர்ற சமையக்கட்டு லாரில. இவங்க எறங்கி வந்தா ரொட்டி போட்டுக் குடுப்பேன். பதினேழு வருசம் அதான் என் வேலை. டேங்க் ஓட்டுனேன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னவங்கள நிறுத்துனதும் இல்ல. கேக்க நல்லா இருந்துச்சு, வுட்டுட்டேன். அது என் தப்புதான், மன்னிச்சிருங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்தான். சிரிப்பு இரண்டு மூன்று பேருக்குத் தொற்றி, பிறகு தானாகவே அடங்கியது. சல்யூட் அடிக்கிற டிரெய்னிகள் தரையைப் பார்த்தார்கள். எச்.ஆர். அதிகாரி பரவாயில்லை, பரவாயில்லை என்றார். மிலிட்டரி மட்டும் குனிந்து டாங்கியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கெட்டில் ஒண்ணுதான் இல்ல. காலைல டீ போட்டு நான்தான் கொண்டுபோய் மாட்டி வுடுவேன். மத்தபடி அச்சு அசல் அதே வண்டி சார்” என்றார்.

கேண்டீனில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மனைவி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி வந்தது. வாங்கி அப்படியே மேஜை ஓரத்தில் வைத்தேன்.

மைக் அவர் கையில் இருந்தது. இந்த சார் லைன் சாமானைத் திருடினார், நான் பிடித்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அது அவர் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்? வந்திருக்கும். சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிவரை அவருக்கு டியூட்டி. விழா முடிந்ததும் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கேட்டில் நின்றார். ஓரமாக அவர் மனைவி டாங்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில் போக முடிந்திருந்தால் போயிருப்பேன். இருப்பது ஒரே கேட். பையை நீட்டினேன். உள்ளே நிப்பர் இருப்பது அவர் கை உள்ளே போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

நிப்பரை வெளியே எடுத்தார். அதன் வாயில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி அந்தப் பெட்டியையும் பார்த்தார்.

“இதுக்காகவா சார் எடுத்தீங்க? கேட்டிருந்தா நானே கேட் பாஸ் போட்டுக் குடுத்திருப்பேனே.”

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், உங்களுக்காகத்தான் என்று என் தலை சொன்னது. அவ்வளவு நடந்த பிறகும் ஒரு நல்ல பேரை விட மனசில்லாமல் ஆட்டிய தலை. அவர் நிப்பரைத் தன் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அப்புறம் ரெஜிஸ்டரைப் புரட்டி, கம்பெனியிலிருந்து வெளியே போகிற சாமான் என்பதால் டாங்கிக்கும் பாஸ் வேண்டும், செய்தவர் நீங்கள்தான், கையெழுத்துப் போடுங்கள் என்றார். தன் பரிசுக்குத் தானே பாஸ் எழுதியிருந்தார். ‘டேங்க், ஒன்று, திரும்ப வராது’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் குவாலிட்டி சரி என்று நான் எழுத வேண்டிய கட்டம். சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போய்ட்டு வாங்க சார் என்றார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் நிப்பர் பலகையில் அதன் உருவத்தின் மேல் தொங்கியது. பச்சைப் பெயிண்ட்டைச் சுரண்டித் துடைத்திருந்தது. தூத்துக்குடிப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவள் கையெழுத்துப் போட்ட தாளை லைன் லீடர் கிழித்துப் போட்டுவிட்டாராம்.

“கேட்டுப் பக்கத்துல செடிக்குள்ள கெடந்துச்சுன்னு அந்த மிலிட்டரி தாத்தாதான் கொண்டாந்து குடுத்தாவ சார். தெனமும் தேடுனாவளாம். நல்ல மனுசன்லா?”

ஏழு வருஷத்தில் அந்த மனிதர் சொன்னதாக எனக்குத் தெரிந்த ஒரே பொய் அதுதான். அதைப் போய் எனக்காகச் சொல்லியிருக்கிறார். அது பொய் என்று இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மெஷின் கதவு திறந்து அடுத்த பாகம் விழுந்தது. “ஆமாம்மா, நல்ல மனுஷன்” என்று சொல்லிவிட்டு அதை எடுத்து விளக்கில் பிடித்தேன்.